ஹெபடைட்டிஸ் வைரஸ் ஈரல் செல்லுக்குள்ள எப்படி நுழையுது: வீட்டுல ஒரே பேப்பர்ல வரைஞ்சு புரிய வைக்கிற வழி

நம்ம மலேசியாவுல, சுங்கை சிப்புட் பக்கம் யாருக்காவது ரத்த டெஸ்ட்ல ஹெபடைட்டிஸ் பி இருக்குன்னு வந்துட்டா, முதல் வேலையா அவங்க தட்டு, மங்கு, டம்ளர் எல்லாம் தனியா போயிடும். தோட்ட லயத்துல இருந்தப்பவும் அப்படித்தான், தாமான் குடியிருப்பு வீட்டுக்கு மாறி வந்த பிறகும் அப்படித்தான். பயப்படுறது தப்பில்ல, ஆனா பயப்பட வேண்டிய இடம் தட்டு இல்ல. இதை வாயால எத்தனை தடவை சொன்னாலும் பெரியவங்க தலையை ஆட்டிட்டு மறுபடி தட்டைத் தனியா கழுவுவாங்க, ஆனா வைரஸ் எந்தப் பக்கமா, எதைப் புடிச்சு உள்ள போகுதுன்னு வரைஞ்சு காட்டினா ஏத்துக்கிறாங்க. வீட்டுல ஃபாரம் ஃபைவ், ஃபாரம் சிக்ஸ் படிக்கிற பிள்ளை இருந்தா அவங்களையே வரையச் சொல்லுங்க, பரீட்சைக்கும் உதவும்.

முதல்ல பேப்பர் நடுவுல ஒரு பெரிய கட்டம் போடுங்க. அது ஒரே ஒரு ஈரல் செல். கட்டத்துக்கு இடது பக்கம் சிவப்புப் பேனாவால ரத்தம் ஓடுற வழி, வலது பக்கம் பச்சையில பித்தநீர் வடியுற சின்ன வாய்க்கால். இந்த ரெண்டு பக்கத்தையும் கண்டிப்பா பிரிச்சு வரையணும், ஏன்னா பி வைரஸ் புடிச்சுக்கிற பொருள் சிவப்புப் பக்கத்துலதான் இருக்கு. வைரஸ் ரத்தத்துக்கு வந்தாத்தான் அதைத் தொடவே முடியும்.

அடுத்து சிவப்புப் பக்க சுவர் முழுக்க முடி மாதிரி கோடு கோடா போடுங்க. இது ஹெபரான் சல்ஃபேட்னு ஒரு சர்க்கரைச் சங்கிலி, செல்லோட மேல் தோல்ல நீட்டிக்கிட்டு இருக்கும். ரத்தத்துல மிதந்து வர்ற வைரஸ் முதல்ல இதுலதான் ஒட்டுது, தோட்டத்துல நடந்து வந்தா ஒட்டுப்புல்லு பேண்ட்டுல ஒட்டிக்கிட்டு வர்ற மாதிரி. இந்தப் பிடி பலமானது இல்ல, விட்டுப் போகவும் செய்யும், ஆனா வைரஸ் செல்லு பக்கத்துலயே நிக்கிறதுக்கு அது போதும்.

இப்போ முக்கியமான இடம். முடிகளுக்கு நடுவுல, சுவரைத் துளைச்சு நிக்கிற மாதிரி ஒரு புரதம் வரைங்க, பேரு என்டிசிபி. வைரஸுக்காக இருக்கிற பொருள் இல்ல இது, இதுக்கு சொந்த வேலை இருக்கு. நாம சாப்பிடுற கொழுப்பைக் கரைக்க ஈரல் பித்த உப்பு அனுப்புது, அது குடல்ல வேலையை முடிச்சிட்டு ரத்தம் வழியா திரும்பி வருது, அதை சோடியத்தோட சேர்த்து மறுபடி செல்லுக்குள்ள இழுக்கிறதுதான் என்டிசிபி. இது ஈரல் செல்லுலதான் அதிகமா இருக்கு, பி வைரஸ் வேற உறுப்பை விட்டுட்டு ஈரலையே புடிக்கிறதுக்கு ஒரு பெரிய காரணம் இது.

வைரஸையும் வரையணும். வட்டமா போட்டு மேல மூணு சைஸ்ல முள்ளு வைங்க, சின்னது, நடுத்தரம், பெருசு. மூணும் ஒரே குடும்பத்துப் புரதம், டெஸ்ட் ரிப்போர்ட்ல ஹெச்பிஎஸ்ஏஜின்னு போட்டிருக்கிறது இதைத்தான். பெரிய முள்ளோட நுனியில ப்ரீ-எஸ்1னு கூடுதலா ஒரு துண்டு இருக்கு, அந்தத் துண்டுதான் என்டிசிபியில போய் இறுக்கமா உக்காருது.

இந்த இடத்துல நிறைய பேர், ஏன் சில பாடப் படம் கூட, என்டிசிபி ஓட்டை வழியா வைரஸ் உள்ள போற மாதிரி அம்புக்குறி போட்டுடுறாங்க. அப்படிப் போடாதீங்க. அந்த வழி பித்த உப்பு மாதிரி சின்ன மூலக்கூறு போற அளவுதான், வைரஸோ 42 நானோமீட்டர், அதுல நுழையவே நுழையாது. உண்மையில நடக்கிறது என்னன்னா வைரஸ் என்டிசிபியைப் புடிச்சதும் செல்லோட சுவர் அந்த இடத்துல உள்பக்கமா குழிஞ்சு, வைரஸைச் சுத்தி ஒரு பை மாதிரி மூடி, உள்ள எடுத்துக்குது. அப்புறம் பைக்குள்ள இருந்து வெளியேறி, வைரஸோட டிஎன்ஏ செல்லோட உட்கருவுக்குப் போய் வளையமா தங்கிடுது. அந்த வளையம்தான் பெரிய தொல்லை. இப்போ குடுக்கிற டெனோஃபோவிர், என்டகாவிர் மாத்திரை வைரஸ் பெருகுறதை நல்லா அடக்கும், ஆனா வளையத்தை அழிக்காது, அதனாலதான் டாக்டர் சொல்லாம மாத்திரையை நிறுத்தக் கூடாது.

வைரஸ் புடிக்கிறது இந்த என்டிசிபியைத்தான்னு கண்டுபிடிச்சது ரொம்ப பழைய கதை இல்ல, 2012ல பெய்ஜிங்ல வென்ஹுய் லி குழு. வைரஸ் 1960கள்லயே தெரிஞ்சிருச்சு, அதுக்காக பாருக் பிளம்பெர்க்குக்கு 1976ல நோபல் பரிசும் கிடைச்சுது, ஆனா எதைப் புடிச்சு நுழையுதுன்னு தெரிய இவ்வளவு வருஷம் ஆச்சு. லி குழு பயன்படுத்தினது துப்பாயாங்கிற ஒரு பிராணியோட ஈரல் செல், மூஞ்சி நீளமா அணில் மாதிரி இருக்கும், அதோட இனத்தைச் சேர்ந்தது நம்ம மலேசியக் காட்டோரத்துலயும் ஓடும். எலி செல்லுல இந்த வைரஸ் ஏறாது, துப்பாயா செல்லுல ஏறும். அப்புறம் என்டிசிபி இல்லாததால வைரஸ் ஏறாத மனுஷ ஈரல் செல் வகைக்கு அந்தப் புரதத்தைக் குடுத்துப் பார்த்தாங்க, வைரஸ் ஏறிடுச்சு. எனக்கு ரொம்பப் பிடிச்ச நிரூபணம் இது, பிள்ளைங்களுக்கு இந்தக் கதையைக் கண்டிப்பா சொல்லுங்க.

படம் புரிஞ்சுதான்னு பார்க்க ரெண்டு கேள்வி கேளுங்க. ஒண்ணு, ப்ரீ-எஸ்1 துண்டை மட்டும் தனியா செஞ்சு ஊசியா போட்டா என்ன ஆகும்? அது என்டிசிபியில உக்காந்துக்கும், வைரஸுக்கு இடம் கிடைக்காது. புலேவிர்டைட்னு அப்படி ஒரு மருந்தே இருக்கு, 2020ல ஐரோப்பாவுல ஹெபடைட்டிஸ் டிக்கு அனுமதி கிடைச்சுது. டி வைரஸுக்கு சொந்தமா மேல் உறை கிடையாது, பி வைரஸோட உறையைப் போட்டுக்கிட்டுத்தான் வெளிய வரும், அதனால அதே இடத்தைத்தான் புடிக்கும். இந்த ஊசி போடுறவங்களுக்கு ரத்தத்துல பித்த உப்பு கூடுது, ஏன்னு பிள்ளைங்களே சொல்லிடுவாங்க.

ரெண்டாவது, தடுப்பூசி எங்க வேலை செய்யுது? தடுப்பூசியில இருக்கிறது பொதுவா சின்ன முள்ளுப் புரதம்தான், வைரஸ் கிடையாது. அதைப் பார்த்து உடம்பு செய்யுற எதிர்ப்புப் பொருள், வைரஸ் வந்ததும் அந்த முள்ளுல போய் ஒட்டிக்கும், முதல் பிடியே கிடைக்காது. ஆனா ஏற்கனவே உள்ள போய் தங்கினதை வெளியேத்த அதால முடியாது, அதனாலதான் தடுப்பூசி முன்னாடியே போடணும்.

ஹெபடைட்டிஸ் சிக்கு வேற பேப்பர் எடுங்க, ஒரே படத்துல போட்டா குழம்பும். சி வைரஸ் கொழுப்போட ஒட்டி மறைஞ்சு வருது, அதுக்கு ஒரு புரதம் பத்தாது. எஸ்ஆர்-பி1, சிடி81, அப்புறம் ரெண்டு செல் ஒட்டி நிக்கிற ஓரத்துல இருக்கிற கிளாடின்-1, ஒக்லூடின், இப்படி ஒண்ணு மாத்தி ஒண்ணாப் புடிச்சுத்தான் பைக்குள்ள போகுது. இதோட மேல் புரதம் அடிக்கடி மாறிக்கிட்டே இருக்கும், தடுப்பூசி இன்னும் வராததுக்கு அது ஒரு காரணம். நல்ல செய்தி என்னன்னா சி வைரஸ் உட்கருவுல தங்குறது இல்ல, பெரும்பாலும் 12 வார மாத்திரையில முழுசா குணமாகிடும். நம்ம அரசாங்கம் 2017ல சோஃபோஸ்புவிர் மருந்தைக் குறைஞ்ச விலையில கொண்டு வர தனி அனுமதி குடுத்துச்சு, அது உண்மையிலேயே பெரிய காரியம்.

ஏ வைரஸ் பத்தி சுருக்கமா: அது அழுக்குத் தண்ணி, சாப்பாடு வழியா வாய்ல போறது, ஈரல்ல நிரந்தரமா தங்காது. கையைக் கழுவுங்க, அவ்வளவுதான்.

இப்போ முதல் படத்துக்கு வந்து சிவப்புப் பக்கத்தைக் காட்டிக் கேளுங்க, இந்தப் பக்கம் வைரஸ் எப்படி வரும்? ஒரே தட்டுல சாப்பிட்டா, கட்டிப் பிடிச்சா, இருமினா வராது. ரத்தம் ரத்தத்தோட சேர்ந்தா வரும், உடலுறவுல வரும், பிரசவத்துல தாய்கிட்ட இருந்து குழந்தைக்கு வரும். சவர பிளேடு, டூத் பிரஷ், காது குத்துற ஊசி இதெல்லாம் தனித்தனியா வைக்கணும், காய்ஞ்ச ரத்தத்துல கூட பி வைரஸ் ஏழு நாள் உயிரோட இருக்கும். தைப்பூசத்துக்கு அலகு குத்துறவங்களும் மொட்டை போடுறவங்களும் ஒருத்தருக்குப் போட்டதை இன்னொருத்தருக்குப் போடாம புது ஊசி, புது பிளேடுன்னு கேட்டு வாங்கணும், அப்படிக் கேட்கிறதால பக்தி குறையாது.

கர்ப்பமா இருக்கிறவங்களுக்கு பி இருந்தா குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள்ள தடுப்பூசி, கூடவே எதிர்ப்புப் பொருள் ஊசியும் போடுவாங்க, அதைத் தள்ளிப் போட விடாதீங்க, குழந்தையில தொத்தினா பத்துல ஒம்போது பேருக்கு அது நிரந்தரமா தங்கிடுது. மலேசியாவுல குழந்தைங்களுக்கு பி தடுப்பூசி 1989ல இருந்துதான் போடுறாங்க. அதுக்கு முன்னாடி பிறந்த அப்பா, அம்மா, மாமா, அத்தை எல்லாரையும் கவர்மெண்ட் கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போய் மூணு டெஸ்ட் கேளுங்க: ஹெச்பிஎஸ்ஏஜி, ஆன்டி-ஹெச்பிஎஸ், ஆன்டி-ஹெச்பிசி. முதலாவது இருக்குன்னு வந்தா வைரஸ் உடம்புல இருக்கு, டாக்டர் தொடர்ந்து பார்க்கணும். ரெண்டாவது 10க்கு மேல வந்தா பாதுகாப்பு இருக்கு. மூணாவது இருக்குன்னு வந்தா எப்பவோ ஒரு தடவை வைரஸ் பட்டிருக்கு. மூணுமே இல்லைன்னு வந்தா அங்கேயே தடுப்பூசி பத்திக் கேட்டு தேதி வாங்கிட்டு வாங்க.