கிளைமாக்ஸ் எங்க இருக்கு? பின்னாடியிலிருந்து தேடுங்க

எங்க அக்கா பொண்ணு காலேஜ்ல முதல் வருஷம், லிட்ரேச்சர். போன வாரம் போன் பண்ணி, "சித்தி, ரைசிங் ஆக்‌ஷன் எழுதிட்டு வா, கிளைமாக்ஸ் எழுதிட்டு வான்னுட்டாங்க, எனக்கு புக் முழுக்க ஒரே மாதிரிதான் இருக்கு"ன்னு ஒரே புலம்பல். கிளைமாக்ஸ்னா கதையோட உச்சி, ரைசிங் ஆக்‌ஷன்னா அந்த உச்சிக்கு ஏறிப் போற பகுதி. என்ன புக்னு கேட்டா அசோகமித்திரனோட பதினெட்டாவது அட்சக்கோடு, 1977ல வந்த நாவல், நிஜாம் ஆட்சி முடியற நேரத்துல செகந்திராபாத்ல வளர்ற சந்திரசேகரன்ங்கற பையனோட கதை. அவளுக்குச் சொன்னதையே இங்க எழுதறேன். முடிவையும் சொல்லப்போறேன், படிக்காதவங்க படிச்சுட்டு வந்துடுங்க.

முதல் வேலை, ஒரு பென்சில். ஒவ்வொரு தடவை புக்க மூடும்போதும் கடைசி பக்கத்துல ஒரே ஒரு வரி எழுதுங்க. "என்ன நடந்துச்சு"ன்னு எழுதாதீங்க, அது கதைச்சுருக்கம் ஆயிடும். "பையனுக்கு என்ன மாறுச்சு"ன்னு எழுதுங்க. நான் பறக்கும் ரயில்ல படிக்கற ஆளு, வேளச்சேரில ஏறினா கோட்டூர்புரம் வர்றதுக்குள்ள ஏழெட்டு பக்கம், இறங்கறப்ப ஒரு வரி, கையெழுத்து கோணல்மாணலா இருக்கும், பரவால்ல.

அடுத்து கிளைமாக்ஸ். ஆமா, ரைசிங் ஆக்‌ஷனுக்கு முன்னாடியே இதத்தான் தேடணும். எல்லாரும் முன்னாடியிலிருந்து தேடி நடுவுல தொலைஞ்சு போறாங்க. ஜெர்மன்காரர் ஃப்ரைட்டாக் 1863ல, கதை ஏறி இறங்கறதக் காட்டப் போட்ட கோபுரப் படத்துல உச்சி நட்டநடுவுல இருக்கும், ஆனா அவர் அத அஞ்சு அங்க நாடகத்துக்காகப் போட்டார். வளர்ற பையனோட கதைல உச்சி பெரும்பாலும் கடைசிப் பக்கமாத்தான் தள்ளி நிக்கும்.

தேடறதுக்கு ஒரே கேள்விதான்: இதுக்கப்புறம் இந்தப் பையனால பழைய பையனா இருக்க முடியுமா?

நம்ம பொண்ணு எடுத்தவுடனே "போலீஸ் ஆக்‌ஷன்தான சித்தி கிளைமாக்ஸ்? 1948 செப்டம்பர், ராணுவமே உள்ள வருதே"ன்னா. இந்திய ராணுவம் நிஜாமோட ஹைதராபாத்துக்குள்ள நுழைஞ்சதுக்குத்தான் அந்தப் பேரு. சத்தம் அதுலதான் ஜாஸ்தி, ஆனா அது ஹைதராபாத்தோட கிளைமாக்ஸ், சந்திரசேகரனோடது இல்ல. கலவர நேரத்துல அவன் ஒரு முஸ்லிம் வீட்டுக்குள்ள போயிடறான், அங்க இருக்கற பொண்ணு இவனையும் கொல்ல வந்தவன்னு நினைச்சு, குடும்பத்த விட்டுடுன்னு தன்னையே இவன் முன்னாடி பலியா நிறுத்திக்கறா. இவன் யாரையும் ஒண்ணும் பண்ணல, ஆனா அவ கண்ணுக்கு இவனும் அந்தக் கும்பல்ல ஒருத்தன். அங்கிருந்து ஓடறான் பாருங்க, அந்த ஓட்டத்துக்கு அப்புறம் கிரிக்கெட் ஆடிட்டுத் திரிஞ்ச பழைய பையன் கிடையாது. கேள்விக்குப் பதில் கிடைச்சிடுச்சு.

இப்ப அங்கிருந்து பின்னாடி நடங்க, உங்க பென்சில் வரிகளக் கையில வெச்சுக்கிட்டு. ரெண்டு வரிக்கு நடுவுல "அதனால" போட்டுப் பாருங்க. "அதனால" உக்காந்தா அது ரைசிங் ஆக்‌ஷன், "அப்புறம்" மட்டும்தான் உக்காருதுன்னா வெறும் சம்பவம்னு பொதுவா சொல்வாங்க. ஆனா இந்த நாவல்ல இத அப்படியே போட்டா பாதி வரி வெளிய போயிடும், அசோகமித்திரன் அப்படி ஆணி அடிச்சு எழுதற ஆளு இல்ல, ஒண்ணுமே நடக்காத மாதிரி எழுதிட்டுப் போயிடுவார். அதனால நான் இன்னொண்ணும் கேப்பேன்: இவன் எதுலயும் சேராம ஒதுங்கி நிக்கறதுக்கு இருந்த இடம் இப்ப கொஞ்சம் குறைஞ்சுதா? சேர்ந்து பழகின பக்கத்து வீட்டோட உரசல், நிஜாம் ராஜ்யம் இந்தியாவோட சேருமா சேராதாங்கற பேச்சு, நிஜாம் பக்கம் ஆயுதத்தோட நின்ன ரஜாக்கர்கள் படை மேல இருந்த பயம், எல்லாமே அந்த இடத்தச் சுருக்கிட்டே வருது. அந்தச் சுருக்கம்தான் இங்க ரைசிங் ஆக்‌ஷன்.

அவ ஒரு வரிய மட்டும் அடிக்க மாட்டேன்னு அடம் புடிச்சா, கிரிக்கெட் வர்ற ஆரம்பப் பகுதி. எதுவும் சுருங்கல, அதனால அது அறிமுகம்தான்னு நான் சொன்னேன். "அது இல்லன்னா கடைசில அவன் எத இழந்தான்னே தெரியாதே சித்தி"ன்னா. சரி, அத அப்படியே எழுதிக் குடுத்துடுன்னுட்டேன்.

பழகறதுக்கு டிக்கன்ஸோட கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ் எடுத்துக்கோங்க, மொத்தம் 59 அத்தியாயம். 39ல கதாநாயகன் பிப்புக்கு இத்தனை நாள் பணம் குடுத்தது யாருன்னு தெரியவரும், அந்த இடத்துல நிறுத்திட்டு அதே கேள்வியக் கேட்டுப் பாருங்க.