ஆக்சுவேட்டரை மாற்றியும் பூஸ்ட் நிற்கவில்லையா?

நண்பர் ஒருவர் பழைய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் வைத்திருக்கிறார், 1.8 லிட்டர் பெட்ரோல் டர்போ. ட்யூன் செய்தபின் 3,000 ஆர்பிஎம்மில் அருமையாக இழுக்கும். 5,500-ஐத் தாண்டினால் பூஸ்ட் (டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம்) கேஜ் முள் மெல்லச் சரியும். எக்ஸாஸ்ட் வாயுவில் ஒரு பங்கை டர்போவைச் சுற்றித் திருப்பிவிட்டு பூஸ்டைக் கட்டுப்படுத்தும் மூடிதான் வேஸ்ட்கேட்; அதைத் திறந்து மூடுவது ஆக்சுவேட்டர். கடினமான ஸ்பிரிங் உள்ள ஆக்சுவேட்டர் ஒன்றை வாங்கி அவரே மாட்டினார். முதல் ஓட்டத்திலேயே முள் எகிறி, வண்டி லிம்ப் மோடில் (எஞ்சினைக் காக்கப் பவரைக் குறைக்கும் நிலை) விழுந்தது. ஸ்கேனரில் பிழைக் குறியீடு பி0234, அதாவது ஓவர்பூஸ்ட்.

நோயை அவர் சரியாகவே பிடித்திருந்தார். பலர் அங்கேயே தவறுகிறார்கள். மேல் ஆர்பிஎம்மில் பூஸ்ட் சரிந்தால், எக்ஸாஸ்ட் அழுத்தம் வேஸ்ட்கேட் மூடியைத் தள்ளித் திறக்கிறதோ என்று சந்தேகிக்கலாம். அதற்குக் கடின ஸ்பிரிங் உதவும். (டர்போ ரொம்பச் சின்னது என்றால் அதற்கு அங்கே மூச்சு முட்டும், ஸ்பிரிங் என்ன செய்யும்?) ஆர்பிஎம் ஏற ஏற பூஸ்டும் ஏறிக்கொண்டே போனால் கதை வேறு. வேஸ்ட்கேட் முழுதாகத் திறந்தும் வழி போதவில்லை. ஃப்ரீ ஃப்ளோ எக்ஸாஸ்ட் போட்ட வண்டிகளில் இது வரும். துளையைப் பெரிதாக்க வேண்டும். கடின ஸ்பிரிங் போட்டால் இன்னும் மோசமாகும். ஆக்சிலேட்டரை மிதித்ததும் முள் ஒருமுறை துள்ளி அடங்கினால் ஹோஸ், சோலனாய்டு (ஆக்சுவேட்டருக்குப் போகும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் மின் வால்வு), ட்யூன் பக்கம் பாருங்கள்.

நண்பர் கோட்டை விட்டது ப்ரீலோடில், அதாவது ஸ்பிரிங்குக்கு முன்கூட்டியே தரும் இழுப்பில். மூடி இறுக்கமாக உட்கார, ஆக்சுவேட்டரை மூடியோடு இணைக்கும் ராடைக் கொஞ்சம் குட்டையாக்கி, இழுத்துப் பின்னில் மாட்டுவார்கள். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் போதும். எம்6 மரை என்றால் ஒரு சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டர். இவர் ‘டைட்டாக இருக்கட்டும்’ என்று ஆறு சுற்று ஏற்றிவிட்டார். அரை பார் அழுத்தத்தில் அசையத் தொடங்க வேண்டிய ஸ்பிரிங். கைப்பம்பை இணைத்து அழுத்தினால் 0.8 பார் வரை ராட் அசையவே இல்லை. அதன்பின்னும் மூடி பாதிதான் திறந்தது, ஏனென்றால் ராட் நகர வேண்டிய தூரத்தை ப்ரீலோடே தின்றுவிட்டது.

இந்தக் கைப்பம்பு சோதனையை வண்டியில் மாட்டும் முன்பும் பின்பும் செய்துவிடுங்கள். ராட் எந்த அழுத்தத்தில் அசையத் தொடங்குகிறது, எந்த அழுத்தத்தில் முழுதும் திறக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரை நேராகச் சொருகாதீர்கள், ஆக்சுவேட்டருக்குள் இருக்கும் டயாஃப்ரம் (சவ்வு) கிழியும். லாக் நட்டை முறுக்கும்போது ராடை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள். ராட் திரும்பினால் டயாஃப்ரமும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். பிராக்கெட் கோணல் என்றால் ராட் பக்கவாட்டில் உரசும். அப்படிப்பட்ட ஆக்சுவேட்டர் ஒருநாள் சரியாகவும் மறுநாள் தப்பாகவும் வேலை செய்யும், காரணமே பிடிபடாது.

ஆக்சுவேட்டருக்குப் பூஸ்ட் அழுத்தத்தைக் கொண்டுபோகும் சிக்னல் ஹோஸை, டர்போவின் கம்ப்ரசரில் காற்று வெளியேறும் வாயிலிருந்து எடுங்கள். த்ராட்டிலுக்குப் பின்னால் எடுத்தால், ஐட்லிங்கில் வேக்குவம்தான் வரும். அந்த ஹோஸ் குட்டையாக, இரண்டு முனையிலும் கிளிப்போடு இருக்கட்டும். கழன்றுவிட்டால் ஆக்சுவேட்டருக்கு அழுத்தமே தெரியாது, வேஸ்ட்கேட் திறக்காது, பூஸ்ட் கட்டுக்கடங்காமல் ஏறும். 50 ரூபாய் கிளிப்பில் கஞ்சத்தனம் பார்த்து பிஸ்டனைப் பறிகொடுக்காதீர்கள்.

எலக்ட்ரிக் ஆக்சுவேட்டர் உள்ள புதிய 1.0 டிஎஸ்ஐ மாதிரி வண்டிகளுக்கு இந்த ராட் கணக்கு பொருந்தாது. அவற்றுக்கு ஸ்கேனரில் அடாப்டேஷன் (ஆக்சுவேட்டரின் திறந்த, மூடிய நிலைகளை எஞ்சின் கணினிக்குக் கற்றுக்கொடுப்பது) செய்ய வேண்டும்.

நண்பரின் ராடை இரண்டு சுற்றுக்கு இறக்கினோம். அப்படியும் முள் கொஞ்சம் எகிறியது. பழைய மெல்லிய ஸ்பிரிங்குக்காக எழுதிய சோலனாய்டு மேப் ஈசியுவில் (எஞ்சின் கணினி) அப்படியே இருந்தது. ட்யூனர் சோலனாய்டின் டியூட்டியை (அது இயங்கும் நேர விகிதம்) குறைத்து, மூன்றாம் கியரில் நான்கு முறை ஓட்டி பூஸ்டின் பதிவை (லாக்) எடுத்தார். நான்காவதில் பூஸ்ட் கோடு 6,000 ஆர்பிஎம் வரை நேராக வந்தது.