புத்தி சொல்லப் போய் நாடகத்தைத் தொலைக்காதீர்கள்

போன ஆடியில் அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கோயில் கொடைத் திருவிழாவில் கல்லூரிப் பிள்ளைகள் நாடகம் போட்டார்கள். இருபது வருஷத்துக்கு முன்னால் நான் செய்த தவறுகள் அப்படியே திரும்ப நடந்தன. வசனம் மறப்பது, மைக்கை விட்டு விலகிப் பேசுவது எல்லாம் நாலு மேடை ஏறினால் சரியாகிவிடும். மற்றதைச் சொல்கிறேன்.

கதையை நிறுத்திவிட்டு உபதேசம் செய்வது

அப்போது குடியால் சீரழியும் குடும்பத்தைப் பற்றி ஒரு நாடகம் எழுதியிருந்தேன். அப்பன் மகளின் சைக்கிளை விற்றுக் குடித்துவிட்டு வருவான். மகள் ஒன்றும் கேட்க மாட்டாள். சைக்கிள் நின்ற இடத்தைப் பெருக்கிக்கொண்டே இருப்பாள். கூட்டத்தில் ஒரு சத்தம் இல்லை. அதோடு விட்டிருக்க வேண்டும். கருத்து போய்ச் சேருமோ சேராதோ என்ற பயத்தில், அந்தப் பிள்ளையை முன்னால் வரவைத்து, "அன்பார்ந்த ஊர்ப் பெரியோர்களே" என்று பத்து நிமிஷம் மதுவின் தீமைகளைப் பேசவிட்டேன். பாதிக் கூட்டம் சுக்குக்காபிக் கடைக்குப் போய்விட்டது. ஒலிபெருக்கிக்கும் ஒப்பனைக்கும் போட்ட கைக்காசு திரும்பவில்லை, அந்த ஊர் எங்களை மறுபடி கூப்பிடவும் இல்லை. பாயைச் சுருட்டிக்கொண்டிருந்த ஓர் ஆச்சி கேட்டார்: "ஏய்யா, அந்தப் புள்ள பெருக்கும்போதே எனக்கு அழுக வந்துட்டு. பொறவு என்னத்துக்குய்யா பேச விட்ட?"

போன ஆடியிலும் கடைசிக் காட்சியில் ஒரு பிள்ளை மைக்கைக் கையில் எடுத்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. அரிச்சந்திரன் நாடகத்தைச் சின்ன வயசில் பார்த்த காந்தி, எல்லாரும் ஏன் அரிச்சந்திரனைப் போல இருக்கக்கூடாது என்று தன்னைத்தானே ஓயாமல் கேட்டுக்கொண்டதாகச் சுயசரிதையில் எழுதுகிறார். கேள்வி அவருக்குள்ளேயே பிறந்தது. நாம் முந்திக்கொண்டு பதிலைச் சொல்லிவிட்டால் அது பிறக்க இடமே இல்லை.

விஸ்வநாததாஸ் வெள்ளைக்காரன் ஆட்சியில் மேடையில் பாடியதற்காகவே சிறைக்குப் போன நாடக நடிகர். வள்ளி திருமணத்தில் தினைப்புனத்துப் பறவைகளோடு ஒரு வெள்ளைக் கொக்கையும் சேர்த்துப் பாடினார். கதை நிற்கவில்லை, கொக்கு யாரென்று சனங்களுக்குப் புரிந்தது.

சரி, பேசித்தான் தீரவேண்டும் என்றால் தர்க்கமாக்குங்கள். நம் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்த நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணத்தை இன்றைக்கும் ஸ்பெஷல் நாடகமாக, அதாவது வெவ்வேறு ஊர் நடிகர்களை ஓர் இரவுக்கு வரவழைத்து, போடுகிறார்கள். அதில் நாரதரும் வள்ளியும் மோதும் இடத்துக்காகவே விடிய விடிய உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. உங்கள் குடிகாரனுக்கும் வலுவான நியாயம் ஒன்றைக் கொடுங்கள்.

சிரிப்பைத் தூண்டில் புழுவாக நினைப்பது

பகல் முழுக்கப் பீடி சுற்றிய பெண்கள் வந்து உட்கார்கிறார்கள். அவர்கள் வாய்விட்டுச் சிரித்தாலே நாடகம் ஒரு வேலை செய்துவிட்டது. அதைக் கருத்துக்குப் போடும் இரையாக நடத்தாதீர்கள்.

பபூனை, அதாவது நாடகக் கோமாளியை, முட்டாளாக்குவது

கூடாது. உண்மையைப் பயமில்லாமல் சொல்லக்கூடிய ஆள் அவன்தான்.

நடுச்சாமப் பூசையான சாமக்கொடையின் நேரத்தைக் கேட்காமல் மேடை ஏறுவது

மேளம் முழங்கிச் சாமி ஆடத் தொடங்கினால் ஒருவரும் உங்களைப் பார்க்க மாட்டார்கள். முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.