சுருங்கிய பட்டாணி சொல்லும் பாடம்: மரபியலில் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மரபியலும் மூலக்கூறு உயிரியலும் பாடப்புத்தகத்தில் தனித்தனிப் பாடங்களாக இருக்கின்றன. முதலாவதில் மெண்டல், பட்டாணி, 3:1, 9:3:3:1 என்ற விகிதங்கள். இரண்டாவதில் டி.என்.ஏ., ஆர்.என்.ஏ., ரைபோசோம். மாணவர்களில் பலர் முதல் பாடத்தைக் கணக்காகவும் இரண்டாவதை மனப்பாடப் பகுதியாகவும் படித்துவிட்டுத் தேர்வுக்குப் போகிறார்கள். விடைத்தாள்களில் திரும்பத் திரும்ப வரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்தப் பிரிவினையில்தான் பிறக்கின்றன என்பது என் உறுதியான எண்ணம். பெற்றோரின் மரபணுக்கள் பிள்ளைகளிடம் எப்படிச் சேரலாம் என்று காட்டும் புன்னட் கட்டத்தில் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் நிரப்பும்போது, அந்த எழுத்து ஒரு டி.என்.ஏ. துண்டைக் குறிக்கிறது, அந்தத் துண்டிலிருந்து ஒரு புரதம் உருவாகிறது அல்லது உருவாகாமல் போகிறது என்ற நினைவு பலருக்கு வருவதே இல்லை.

ஓங்குத்தன்மையை எடுத்துக்கொள்வோம். ஒரே மரபணுவின் மாற்று வடிவங்களை அல்லீல்கள் என்கிறோம். வெவ்வேறு அல்லீல்கள் இரண்டு சேரும்போது வெளியே தெரிவது ஓங்கு பண்பு, மறைந்திருப்பது ஒடுங்கு பண்பு. "ஓங்கு அல்லீல் ஒடுங்கு அல்லீலைச் செயல்படவிடாமல் அடக்குகிறது" என்று மாணவர்கள் எழுதுகிறார்கள். பெரும்பாலான இடங்களில் அப்படி எந்த அடக்குதலும் நடப்பதில்லை. மெண்டல் ஆராய்ந்த உருண்டை விதையும் சுருங்கிய விதையுமே இதற்குச் சிறந்த சான்று. 1866இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் இரண்டாம் தலைமுறை விதைகளின் எண்ணிக்கை இருக்கிறது: உருண்டை 5,474, சுருங்கியவை 1,850. விகிதம் 2.96:1. விதை ஏன் சுருங்குகிறது என்ற கேள்விக்கு மூலக்கூறு அளவிலான விடை 1990இல் இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் ஆய்வு நிறுவனத்திலிருந்து வந்தது. மாவுச்சத்து மூலக்கூறில் கிளைகளை உண்டாக்கும் ஒரு நொதி இருக்கிறது. சுருங்கிய பட்டாணியில் அந்த நொதிக்கான மரபணுவுக்குள் ஏறத்தாழ 800 கார இணைகள் (காரங்கள் டி.என்.ஏ.வின் எழுத்துகள்) நீளமுள்ள ஒரு டி.என்.ஏ. துண்டு நுழைந்து உட்கார்ந்திருக்கிறது. அதனால் செயல்படும் நொதி உருவாவதில்லை. நொதி இல்லாததால் மாவுச்சத்து குறைகிறது, சுக்ரோஸ் தேங்குகிறது. சர்க்கரை மிகுந்த விதை வளரும்போது சவ்வூடு பரவலால் அதிக நீரை இழுத்துக்கொள்கிறது. முற்றிக் காயும்போது அந்த நீர் வெளியேறி விதை சுருங்கிவிடுகிறது.

இப்போது கலப்புயிரியைப் பாருங்கள். அதில் ஒரு நல்ல நகலும் ஒரு பழுதான நகலும் இருக்கின்றன. நல்ல நகல் உருவாக்கும் நொதியே விதை உருண்டையாக இருக்கப் போதுமானது. அவ்வளவுதான். அது பழுதான நகலை எந்த விதத்திலும் தொடுவதில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அதே கலப்புயிரி விதையின் மாவுச்சத்து மணிகளை நுண்ணோக்கியில் பார்த்தால், அவை இரண்டு பெற்றோருக்கும் இடைப்பட்ட வடிவில் இருக்கின்றன. விதையின் வடிவத்தைப் பார்த்தால் முழு ஓங்குத்தன்மை, மாவுச்சத்து மணியைப் பார்த்தால் முழுமையற்ற ஓங்குத்தன்மை. மரபணு ஒன்றே. ஆகவே "இந்த அல்லீல் ஓங்கு அல்லீல்" என்று எழுதினால், எந்தப் பண்பைப் பொறுத்து என்பதையும் சேர்த்து எழுதும் பழக்கம் வேண்டும்.

கதிர் அரிவாள் இரத்தசோகையில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ஹீமோகுளோபினின் ஒரு பகுதிக்கான பீட்டா குளோபின் மரபணுவின் ஆறாவது குறியன் (ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்று காரங்கள்) ஜி-ஏ-ஜி என்பதிலிருந்து ஜி-டி-ஜி ஆகிறது. குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வாலின் வந்து அமர்கிறது. தென்னிந்தியாவில் இந்தப் பண்பு நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இருப்பது 1952இல் அறிவிக்கப்பட்டது. நோயாகப் பார்த்தால் இது ஒடுங்கு பண்பு. மின்புலத்தில் ஹீமோகுளோபினைப் பிரித்துப் பார்த்தால், மாறிய அல்லீலின் ஒரு நகல் மட்டும் உடையவரின் இரத்தத்தில் இரண்டு வகை ஹீமோகுளோபினும் தெரிகின்றன. அதாவது இணை ஓங்குத்தன்மை. "ஒடுங்கு பண்பா, இணை ஓங்குத்தன்மையா?" என்று மாணவர்கள் வகுப்பில் சண்டை போடுவதைப் பார்க்கலாம். இரு தரப்பும் சரி. வெவ்வேறு அளவில் நின்று பேசுகிறார்கள்.

அடுத்த தவறு, ஓங்கு பண்பு என்றால் மக்கள்தொகையில் பரவலாக இருக்கும் என்று நினைப்பது. ஹன்டிங்டன் நோய் ஓங்கு அல்லீலால் வருவது, ஆனாலும் அரிது. ஓ இரத்த வகை ஒடுங்கு அல்லீல் இரண்டு சேர்ந்தால் வருவது; தமிழ்நாட்டில் மிகப் பரவலாக இருப்பது அதுதான். ஏ வகை அல்லீலும் பி வகை அல்லீலும் சிவப்பணுவின் மேற்பரப்பில் வெவ்வேறு சர்க்கரையை ஒட்டும் நொதிகளை உருவாக்குகின்றன. ஓ அல்லீலில் பெரும்பாலும் ஒரே ஒரு காரம் விடுபட்டுப் படிப்புச் சட்டகம், அதாவது காரங்களை மும்மூன்றாகப் படிக்கும் வரிசை, நகர்ந்துவிட்டது. செயல்படும் நொதி இல்லை. நொதி இல்லாததால் ஒடுங்கு பண்பு. எத்தனை பேரிடம் இருக்கிறது என்பது இதற்குத் தொடர்பே இல்லாத வேறு கேள்வி.

இந்தக் குழப்பம் மாணவர்களுக்கு மட்டும் உரியதல்ல. 1908இல் குட்டை விரல் என்ற ஓங்கு பண்பைப் பற்றிப் பேசும்போது, அது ஓங்கு பண்பு என்றால் காலப்போக்கில் மக்கள்தொகையில் முக்கால் பங்காக ஆகியிருக்க வேண்டாமா என்று புள்ளியியலாளர் யூல் கேட்டதாகச் சொல்லப்பட்டது. கட்டத்துக்குப் பெயர் தந்த புன்னட் இந்தக் கேள்வியைக் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டியிடம் கொண்டுபோனார். ஹார்டி எளிய இயற்கணிதத்தால் விடை எழுதி 'சயின்ஸ்' இதழுக்கு அனுப்பினார்: இயற்கைத் தேர்வோ சடுதிமாற்றமோ இடப்பெயர்ச்சியோ இல்லாமல் கலப்பு தற்செயலாக நடக்கும் பெரிய மக்கள்தொகையில் அல்லீல்களின் விகிதம் தலைமுறைக்குத் தலைமுறை மாறாது. ஜெர்மானிய மருத்துவர் வைன்பெர்க் அதே ஆண்டு தனியாக இதே முடிவுக்கு வந்திருந்தார். ஆறு ஆண்டுகள் கழித்து இராமானுஜன் கேம்பிரிட்ஜ் சென்று சேர்ந்தது இதே ஹார்டியிடம்தான்.

நிகழ்தகவில் நடக்கும் தவறுகள் பாடத்துக்கு வெளியேயும் மக்களைப் பாதிப்பவை. பெற்றோர் இருவரும் தலசீமியா என்ற இரத்த நோயின் அல்லீலை ஒரு நகல் சுமப்பவர்கள் என்றால், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. "நான்கு குழந்தைகளில் ஒருவருக்கு வரும்" என்று இதைப் புரிந்துகொள்கிறார்கள். முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, இனி மூன்று குழந்தைகளுக்குப் பயமில்லை என்ற ஆபத்தான முடிவு இதிலிருந்துதான் வருகிறது. ஒவ்வொரு கருவுறுதலும் தனி நிகழ்வு. முந்தைய குழந்தையின் நிலை அடுத்த குழந்தையின் வாய்ப்பை மாற்றாது. கணக்குப் போட்டுப் பார்த்தால், நான்கு குழந்தைகள் உள்ள அத்தகைய குடும்பத்தில் ஒருவருக்கும் நோய் இல்லாமலிருக்கும் வாய்ப்பு 81/256, கிட்டத்தட்ட 32 சதவீதம். சரியாக ஒருவருக்கு மட்டும் வரும் வாய்ப்பு 42 சதவீதம்தான்.

இதோடு ஒட்டிய இன்னொரு கேள்வியில் நன்றாகப் படிப்பவர்களே சறுக்குகிறார்கள். நோயுள்ள ஒருவரின் நோயற்ற சகோதரி அந்த அல்லீலைச் சுமப்பவராக இருக்கும் வாய்ப்பு என்ன? கட்டத்தில் நான்கில் இரண்டு என்று பார்த்து 1/2 என எழுதுகிறார்கள். அவருக்கு நோயில்லை என்பது ஏற்கெனவே தெரிந்த செய்தி. ஆகவே நோயுள்ள அறையை நீக்கிவிட வேண்டும். எஞ்சிய மூன்று அறைகளில் இரண்டு சுமப்பவருக்கு உரியவை, விடை 2/3.

இரண்டு பண்புகளைச் சேர்த்துப் பார்க்கும்போது வரும் 9:3:3:1 விகிதத்தை எல்லா இரு பண்புக் கலப்புக்கும் போட்டுவிடக் கூடாது. மெண்டலுக்கு இரண்டாம் தலைமுறை விதைகள் 315, 108, 101, 32 என்று வந்ததற்குக் காரணம் அவர் எடுத்த இரண்டு மரபணுக்களும் வெவ்வேறு குரோமோசோம்களில் இருந்தது. ஒரே குரோமோசோமில் அருகருகே உள்ள மரபணுக்கள் சேர்ந்தே கடத்தப்படும். பால்சார்ந்த கடத்தலில் ஒன்றை மட்டும் மறக்காமல் இருந்தால் போதும்: தந்தை மகனுக்குக் கொடுப்பது ஒய் குரோமோசோம். இரத்தம் உறையாத நோயான ஹீமோஃபிலியாவின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், நோயுள்ள தந்தையிடமிருந்து அது நேராக மகனுக்குப் போகாது.

செல் பகுப்பில் எண்ணிக்கை கேட்டாலே பலருக்குப் பதற்றம் வந்துவிடுகிறது. இரட்டித்த குரோமோசோமின் இரு இழைகள் குரோமேட்டிட்கள், அவை ஒட்டியிருக்கும் இடம் சென்ட்ரோமியர். குரோமோசோம்களைச் சென்ட்ரோமியரை வைத்து எண்ண வேண்டும். டி.என்.ஏ. இரட்டிப்பான பிறகும் மனித செல்லில் குரோமோசோம்கள் 46தான், குரோமேட்டிட்கள் 92. உடல் செல்கள் பெருகும் மைட்டாசிஸின் அனாஃபேஸ் கட்டத்தில் சென்ட்ரோமியர்கள் பிரிந்த கணத்தில் குரோமோசோம் எண்ணிக்கை 92 ஆகிறது. இனச்செல்களை உண்டாக்கும் மியாசிஸின் முதல் பகுப்பில் ஒத்த குரோமோசோம்கள் பிரிகின்றன. சகோதரிக் குரோமேட்டிட்கள் பிரிவதில்லை. அதனால் முதல் பகுப்பு முடிந்த செல்லில் குரோமோசோம்கள் 23, ஆனால் டி.என்.ஏ. அளவு இரட்டிப்புக்கு முந்தைய சாதாரண உடல் செல்லில் உள்ளதற்குச் சமம். எண்ணிக்கையும் டி.என்.ஏ. அளவும் வேறு வேறு என்று தனித்தனி அட்டவணை போட்டுப் பழகினால் இந்தக் கேள்விகள் எளிதாகிவிடும்.

மூலக்கூறு பாடத்துக்குள் வந்தால், மிக அதிகமாக மதிப்பெண் போவது இழையின் திசையில். ஒவ்வோர் இழைக்கும் 5′, 3′ என்று இரண்டு முனைகள் உண்டு. ஆர்.என்.ஏ. படியெடுக்கப்படும் டி.என்.ஏ. இழை வார்ப்பு இழை, அதன் எதிர் இழை குறியீட்டு இழை. ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். வார்ப்பு இழை 5′ டி-டி-ஏ-டி-ஜி-ஜி-சி-ஏ-டி 3′ என்று கொடுக்கப்பட்டிருக்கிறது, தூது ஆர்.என்.ஏ.வை எழுதி அமினோ அமிலங்களைச் சொல்ல வேண்டும். அவசரக்காரர் இடமிருந்து வலமாக ஏ-ஏ-யு, ஏ-சி-சி, ஜி-யு-ஏ என்று எழுதி, அஸ்பராஜின், திரியோனின், வாலின் என்று முடித்துவிடுகிறார். கார இணைகள் எல்லாம் சரி, விடை முழுவதும் தவறு. புதிய ஆர்.என்.ஏ. 5′ முனையிலிருந்து 3′ முனை நோக்கி வளரும்; அதற்கு வார்ப்பு இழையை 3′ முனையிலிருந்து, அதாவது இங்கே வலப்பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். அப்போது கிடைப்பது ஏ-யு-ஜி, சி-சி-ஏ, யு-ஏ-ஏ. மெத்தியோனின், புரோலின், பிறகு நிறுத்தக் குறியன். கேள்வியைப் படித்ததும் இரண்டு முனைகளையும் 5′, 3′ என்று குறித்துவிட்டு, கொடுத்திருப்பது வார்ப்பு இழையா குறியீட்டு இழையா என்று பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுக்க வேண்டும். குறியீட்டு இழை என்றால் வேலையே இல்லை. தைமின் உள்ள இடத்தில் யுராசில் எழுதினால் அதுதான் தூது ஆர்.என்.ஏ.

சார்காஃப் விதியிலும் இதே கவனம் தேவை. அடினைனும் தைமினும் சம அளவு என்பது ஈரிழை டி.என்.ஏ.வில் இணை சேர்வதால் வருவது. பை எக்ஸ் 174 என்ற பாக்டீரிய வைரசின் டி.என்.ஏ. ஓரிழையால் ஆனது, அங்கே அந்தச் சமன்பாட்டைப் போட முடியாது.

மரபுக் குறியீட்டைப் பற்றி எழுதும்போது ஒரு அமினோ அமிலத்துக்குப் பல குறியன்கள் இருக்கலாம் என்பதைத் தலைகீழாக்கி, ஒரு குறியனுக்குப் பல அமினோ அமிலங்கள் என்று எழுதுபவர்கள் உண்டு. 64 குறியன்களில் 61 அமினோ அமிலங்களுக்கு உரியவை, 3 நிறுத்தக் குறியன்கள். இந்த அட்டவணையை நிரப்பியதில் பெரும்பங்கு வகித்த ஹர் கோவிந்த் குரானா, நிரன்பெர்க், ஹோலி ஆகியோருடன் 1968இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பல குறியன்கள் இருப்பதால்தான் எல்லாச் சடுதிமாற்றமும் தீங்கு செய்வதில்லை. கதிர் அரிவாள் நோயில் பார்த்த அதே ஜி-ஏ-ஜி, மூன்றாவது காரம் மாறி ஜி-ஏ-ஏ ஆகியிருந்தால் குளூட்டாமிக் அமிலமே வந்திருக்கும். புரதத்தில் எந்த மாற்றமும் இருந்திருக்காது.

டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ., அதிலிருந்து புரதம் என்று சுருக்கிச் சொல்லப்படும் மையக் கோட்பாட்டை, ஆர்.என்.ஏ.விலிருந்து டி.என்.ஏ.வை உருவாக்குவதாக 1970இல் கண்டறியப்பட்ட தலைகீழ் படியெடுத்தல் நொதி பொய்யாக்கிவிட்டது என்று சில வழிகாட்டி நூல்கள் எழுதுகின்றன. ஃபிரான்சிஸ் கிரிக் 1958இல் எழுதியது வேறு: புரதத்துக்குள் போன வரிசைத் தகவல் திரும்ப வெளியே வராது என்பதே அவர் கூற்று. ஆர்.என்.ஏ.விலிருந்து டி.என்.ஏ.வுக்குத் தகவல் போவதை அது தடுக்கவில்லை. அதை அவரே 1970இல் 'நேச்சர்' இதழில் விளக்கினார். "எல்லா நொதிகளும் புரதங்களே" என்பதும் கைவிட வேண்டிய வாக்கியம். ரைபோசோமில் அமினோ அமிலங்களை இணைக்கும் வினையைச் செய்வது அதன் ஆர்.என்.ஏ. பகுதி. ரைபோசோமின் அமைப்பை அணு அளவில் காட்டியதற்காகச் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், ஸ்டைட்ஸ், யோனத் ஆகிய மூவருக்கும் 2009இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

செய்முறை வகுப்பில் செய்யப்படும் ஒரு தவறையும் சொல்ல வேண்டும். நாக்கைச் சுருட்ட முடிகிறதா என்று மாணவர்களை வரிசையாகப் பார்த்து, முடிந்தவர்களை ஓங்கு பண்பினர் என்றும் முடியாதவர்களை ஒடுங்கு பண்பினர் என்றும் பதிவேட்டில் எழுத வைக்கிறார்கள். 1940இல் மரபியலாளர் ஸ்டர்ட்டிவன்ட் அப்படி எழுதியது உண்மை. ஆனால் 1952இலேயே, ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரில் ஒருவரால் முடிந்து மற்றவரால் முடியாத இணைகள் இருப்பது காட்டப்பட்டுவிட்டது. ஸ்டர்ட்டிவன்ட்டும் பின்னர் அதை ஏற்றுக்கொண்டார். இன்னும் இதை நடத்துவது சரியல்ல. பெற்றோரில் ஒருவராலும் முடியாமல் தன்னால் மட்டும் முடிகிற பிள்ளை இந்தப் பதிவேட்டைப் பார்த்து வீணாகக் கலங்க வேண்டியிருக்கும். மனிதரில் மெண்டலியப் பண்பு ஒன்றைக் காட்ட வேண்டும் என்றால் ஏ, பி, ஓ இரத்த வகை இருக்கிறது. அதன் நொதி தெரியும், அல்லீல்களின் கார வரிசை தெரியும், கட்டத்தில் போடும் ஒவ்வொரு எழுத்துக்கும் பின்னால் என்ன மூலக்கூறு இருக்கிறது என்பதை மாணவருக்குக் காட்டவும் முடியும்.