பெயிண்ட் அடிக்கும் அலமாரிக் கதவுக்கு எந்தத் தர மரம் வாங்குவது?

அலமாரிக்குப் பெயிண்ட் அடித்த மரக்கதவு செய்யலாம் என்று முதன்முதலாக இறங்குபவருக்கு இரண்டு யோசனைகள் வந்து சேரும். "மேலே பெயிண்ட்தானே, எந்த மரமானால் என்ன?" என்பது ஒன்று. "இருப்பதிலேயே உயர்ந்த தரத்தை எடுத்துவிடுங்கள்" என்பது மற்றொன்று. முதலாவதைக் கேட்டால் கதவு கெடும். இரண்டாவதைக் கேட்டால் பணம் வீணாகும். பெயிண்ட் மரத்தின் நிறத்தை மறைக்கும், உருவத்தை மறைக்காது. ஆகவே நிறத்துக்குக் கொடுக்கும் பணத்தை மிச்சப்படுத்தி, நேராகவும் உலர்ந்தும் நெருக்கமான இழையோடும் இருக்கும் மரத்துக்குச் செலவிட வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது சட்டமும் நடுப்பலகையும் கொண்ட கதவு. இரு பக்கமும் நிற்கும் நெடுக்குச் சட்டங்கள், மேலும் கீழும் இரண்டு குறுக்குச் சட்டங்கள், அவற்றின் உட்புறம் ஓடும் காடியில், அதாவது நீளப் பள்ளத்தில், செருகிய ஒரு நடுப்பலகை. அவ்வளவுதான் அதன் உடல்.

படி 1: பெயிண்ட் எதை மறைக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

பழுப்புத் தீற்றல், பச்சைச் சாயல், வெளிறும் (மரத்தின் வெளிப்புறப் பகுதி) வைரமும் (உள்ளே முதிர்ந்த பகுதி) கலந்த பலகை, ஒன்றோடொன்று பொருந்தாத ரேகைகள் ஆகிய எல்லாம் இரண்டு பூச்சில் காணாமல் போகும். வார்னிஷ் அடிக்கும் கதவுக்குத்தான் இவை குறைகள். நமக்கு இவை தள்ளுபடி வாங்கித் தரும் நண்பர்கள்.

மறையாதவை வேறு. ஓக், ஆஷ் போன்ற மரங்களின் திறந்த நுண்துளைகள் பெயிண்டுக்கு மேலும் கோடு கோடாகத் தெரியும். கணுவிலிருந்து பிசின் கசிந்து, சில மாதங்களில் வெள்ளைப் பூச்சின் மேல் மஞ்சள் வட்டமாக வந்து நிற்கும். இழைக்கும்போது பிய்ந்த இடம், சுத்தியல் பட்ட பள்ளம், முறுக்கிய சட்டம் எதுவும் மறையாது. சொல்லப்போனால் பெயிண்ட் இவற்றை இன்னும் எடுத்துக் காட்டும். வெறும் மரத்தில் ரேகைகள் கண்ணை இழுத்துக்கொள்ளும், சிறு பள்ளம் தப்பிவிடும். ஒரே நிறமாக, பளபளப்பாக இருக்கும் பரப்பில் கண்ணுக்குப் போக வேறு இடம் இல்லை.

படி 2: கடைக்குப் போகும் முன் வெட்டுப் பட்டியல் எழுதுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்களே அதிகம். எந்தத் தரம் வேண்டும் என்பதை முடிவு செய்வதே இந்தப் பட்டியல்தான்.

30 அங்குல உயரம், 18 அங்குல அகலம் உள்ள ஒரு கதவை எடுத்துக்கொள்வோம். சட்டத்தின் அகலம் இரண்டரை அங்குலம். அப்படியானால் 30 அங்குல நீளத்தில் நெடுக்குச் சட்டம் இரண்டு தேவை. குறுக்குச் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியும் நீளம் 13 அங்குலம். இரு முனையிலும் காடிக்குள் நுழையும் நாக்குக்கு அரை அங்குலம் வீதம் சேர்த்தால் 14. அதுவும் இரண்டு. நடுப்பலகையைப் பிறகு, படி 5இல், பார்ப்போம். அதைத் தவிர ஒரு கதவுக்குத் தேவையான மரம் இவ்வளவே: குட்டையான, குறுகலான நான்கு துண்டுகள். எட்டடி நீளத்துக்குக் குறையே இல்லாத பலகை எதற்கு?

படி 3: தரத்தின் பெயரைச் சரியாகப் படியுங்கள்

ஓக், மேப்பிள் போன்ற வன்மரங்களுக்குப் பரவலாகப் பயன்படும் தர விதிகளில் ஒன்று அமெரிக்காவின் வன்மர வணிகச் சங்கமான என்.எச்.எல்.ஏ.வின் விதி. அந்தச் சங்கம் 1898இல் தொடங்கியது. அதன் தரப் பெயர்களைப் பார்த்துப் புதியவர்கள் "நல்ல மரம், சுமாரான மரம், மட்டமான மரம்" என்று புரிந்துகொள்கிறார்கள். அது தவறு. அந்தத் தரம் அளப்பது ஒன்றை மட்டும்: ஒரு பலகையிலிருந்து குறையில்லாத துண்டுகள் எந்த அளவில், எத்தனை பங்கு கிடைக்கும் என்பதை. மரத்தின் வலிமையையோ இழையின் அழகையோ அது சொல்வதில்லை. நிறம் பார்த்துப் பிரிப்பது தனி வேலை, அதற்குத் தனி விலை.

மேல் தரமான எஃப்.ஏ.எஸ்.ஸில் பலகையின் பரப்பில் ஆறில் ஐந்து பங்கு குறையற்றதாகக் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு துண்டும் குறைந்தது 4 அங்குல அகலத்தில் 5 அடி நீளம், அல்லது 3 அங்குல அகலத்தில் 7 அடி நீளம் இருக்க வேண்டும். அடுத்து வரும் நம்பர் ஒன் காமனில் மூன்றில் இரண்டு பங்கு. துண்டுகள் குறைந்தது 4 அங்குலத்துக்கு 2 அடி, அல்லது 3 அங்குலத்துக்கு 3 அடி. நம்பர் டூ ஏ காமனில் பாதிப் பங்கு. துண்டுகள் 3 அங்குலத்துக்கு 2 அடி வரை சிறியதாக இருக்கலாம்.

இப்போது நம் வெட்டுப் பட்டியலை இதன் பக்கத்தில் வையுங்கள். 3 அங்குல அகலம், 3 அடி நீளம் என்றால் 36 அங்குலம். அதில் 30 அங்குல நெடுக்குச் சட்டம் ஒன்று தாராளமாக வரும். இன்னொரு துண்டில் 14 அங்குலக் குறுக்குச் சட்டங்கள் இரண்டுமே வந்துவிடும், ரம்பம் தின்னும் மரத்தையும் சேர்த்து. ஆக, நம்பர் ஒன் காமனின் சிறிய துண்டுகள் மூன்று இருந்தால் ஒரு கதவின் சட்டம் முழுதும் முடிந்தது. கழிவு கொஞ்சம் அதிகமாக வரும் என்பதால் கணக்குக்கு மேல் மரம் வாங்க வேண்டியிருக்கும். இரண்டு தரத்தின் விலையையும் கேட்டு, கழிவையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் காமன் தரமே மலிவாக முடியும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. ஆளுயரத்துக்கு நிற்கும் நெட்டையான கதவுகளுக்கு ஆறு, ஏழு அடிச் சட்டம் வேண்டும். அங்கே எஃப்.ஏ.எஸ். வாங்குங்கள், மிச்சம் பிடிக்காதீர்கள். நம்பர் டூ ஏ காமனைத் தொடக்கத்தில் தொட வேண்டாம் என்பது என் கருத்து. 24 அங்குலத் துண்டில் குறுக்குச் சட்டம் கிடைக்கும், நெடுக்குச் சட்டம் கிடைப்பது உறுதியில்லை. நாள் முழுதும் கணுவைச் சுற்றி வெட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

படி 4: மரத்தைத் தேர்ந்தெடுங்கள்

நெருக்கமான இழை, ஓரளவு கடினம், பிசின் இல்லாமை ஆகிய மூன்றும் வேண்டும். கடினத்தை ஒப்பிட ஜாங்கா எண் உதவும். 11.28 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குண்டைப் பாதி அளவு மரத்துக்குள் அழுத்த எவ்வளவு விசை தேவை என்பதே அது.

மஞ்சள் பாப்லர் என்ற மரம் பெயிண்ட் வேலைக்குப் பெயர் போனது. பெயரில் பாப்லர் இருந்தாலும் அது மகனோலியா குடும்பத்து மரம். பச்சையும் ஊதாவும் கலந்த நிறம் யாருக்கும் பிடிப்பதில்லை, அதனால் மலிவு. துளைகள் நுண்மையானவை, பெயிண்ட் வழவழப்பாக உட்காரும். ஆனால் ஜாங்கா எண் 540 பவுண்டு விசைதான். தினமும் பாத்திரம் இடிக்கும் கதவில் பள்ளம் விழும்.

மென் மேப்பிள் வகையில் சிவப்பு மேப்பிளுக்கு இந்த எண் 950. பெயரில் மென்மை இருந்தாலும் அலமாரிக் கதவுக்கு இந்தக் கடினம் போதும். என்னைக் கேட்டால் முதல் தேர்வு இதுதான். மேப்பிளில் ஒரு வேடிக்கையான வழக்கம் உண்டு. மற்ற பல மரங்களில் வைரத்தைத்தான் தேடுவார்கள். மேப்பிளில் வெளிறு வெண்மையாக இருப்பதால் அதற்கே விலை அதிகம். பழுப்பான வைரம் கலந்த பலகைகளை ஒதுக்கி, பெயிண்ட் தரம் என்று குறைத்து விற்பார்கள். குறை நிறத்தில் மட்டும்தான், கூசாமல் வாங்கலாம். கடின மேப்பிளின் எண் 1450. இழைக்கப் பாடுபட வேண்டும், அந்த அளவுக்குத் தேவையும் இல்லை. பிர்ச், பீச் இரண்டும் பெயிண்டுக்கு ஏற்றவையே. ஆனால் பீச் ஈரத்துக்கு ஏற்ப அதிகமாக விரிந்து சுருங்கும்.

ஓக் உறுதியான மரம்தான். ஆனால் வழவழப்பான பரப்பு வேண்டுமென்றால் துளைகளை அடைக்கத் திரும்பத் திரும்பப் பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். பைன் மரத்தில் கணுவும் பிசினும் தொல்லை. வேறு வழியில்லை என்றால் கணுக்களின் மேல் அரக்கிலிருந்து செய்யும் ஷெல்லாக் பிரைமரைப் பூசுங்கள். சாதாரணத் தண்ணீர் பிரைமர் கசிவைத் தடுக்காது. தேக்கின் இயற்கையான எண்ணெய்ப் பசை பெயிண்ட் ஒட்டுவதற்கு இடைஞ்சல். அத்தனை அழகான மரத்தைப் பெயிண்டுக்கு அடியில் புதைக்க எனக்கு மனம் வராது.

சிறு துண்டுகளை விரல் கோத்தாற்போல் இணைத்த பலகைகளும் கிடைக்கும். பூசிய அன்று அருமையாக இருக்கும். பருவம் மாறும்போது ஒவ்வொரு துண்டும் தன் போக்கில் விரியும், சுருங்கும். இணைப்புகள் மெல்லிய வரிகளாகப் பெயிண்டில் எழும். நான் ஒருமுறை செய்த கதவுகளில் இரண்டாம் ஆண்டில் இந்த வரிகளைப் பார்த்தேன். அதன் பிறகு கதவின் முகத்துக்கு அந்தப் பலகையைப் பயன்படுத்தியதில்லை. உள்ளே மறைந்திருக்கும் சட்டங்களுக்கு அது போதும்.

படி 5: நடுப்பலகைக்கு எம்.டி.எஃப்.

முழு மரமே உயர்வு என்று நினைப்பவர்கள் இங்கே வருத்தப்படுவார்கள். ஆனாலும் சொல்கிறேன்: பெயிண்ட் கதவின் நடுப்பலகைக்கு எம்.டி.எஃப்., அதாவது மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை, மரத்தைவிட மேலானது.

மரம் நீளவாக்கில் அசையாது, அகலவாக்கில் அசையும். 350 மில்லிமீட்டர் அகலமுள்ள பாப்லர் பலகையின் ஈரப்பதம் 4 சதவீதம் மாறினால் அகலம் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் மாறும். வறண்ட பருவத்தில் பலகை சுருங்கி, காடிக்குள் மறைந்திருந்த பெயிண்ட் இல்லாத விளிம்பு ஒரு கோடாக வெளியே தெரியும். எம்.டி.எஃப்.பில் இழைத் திசை கிடையாது, அசைவு மிகக் குறைவு. காடியில் பசை போட்டே ஒட்டிவிடலாம், சட்டமும் உறுதிப்படும். மரப்பலகையை அப்படி ஒட்டினால் சட்டம் பிளக்கும், அல்லது பலகை வெடிக்கும். மரப்பலகைதான் வேண்டும் என்றால், கோக்கும் முன்பே நான்கு விளிம்புக்கும் பெயிண்ட் அடித்துவிட்டுப் பசையில்லாமல் செருகுங்கள்.

எம்.டி.எஃப்.புக்குத் தண்ணீர் ஆகாது, ஊதிவிடும். தொட்டி அருகே வரும் கதவுகளுக்கு ஈரம் தாங்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். பக்கவாட்டில் போடும் திருகாணியை அது இறுகப் பிடிக்காது. கீல் உட்காரும் சட்டம் மரமாகவே இருக்கட்டும்.

படி 6: பலகையைக் கையில் எடுத்துப் பாருங்கள்

ஒரு முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்து, விளிம்பு வழியாக மறுமுனையைப் பாருங்கள். வளைவும் முறுக்கும் அப்போதே தெரியும். நீளவாக்கில் மெல்ல வளைந்த பலகையைக் குட்டையாக வெட்டும்போது வளைவு பங்கு பிரிந்து குறைந்துவிடும். முறுக்கிய பலகையை மட்டும் எடுக்காதீர்கள். முறுக்கிய சட்டத்தில் செய்த கதவின் ஒரு மூலை மூடாமல் நிற்கும், கீலைத் திருகி அதைச் சரிசெய்ய முடியாது.

ஈரமானி இருந்தால் குத்திப் பாருங்கள். வீட்டுக்குள் வைக்கும் சாமானுக்கு 6 முதல் 8 சதவீதம் வழக்கமான அளவு. ஈரக் காற்றுள்ள இடங்களில் சற்றுக் கூடுதலாக இருக்கும். வாங்கிய மரத்தைக் கதவு நிற்கப்போகும் அறையிலேயே, இடையில் குச்சிகள் வைத்துக் காற்றோட்டமாக ஓரிரு வாரம் அடுக்கி வையுங்கள்.

படி 7: ஒரு துண்டைப் பூசிப் பாருங்கள்

மொத்த மரத்தையும் வெட்டும் முன், கழிவுத் துண்டு ஒன்றை இழைத்து, உப்புத்தாள் போட்டு, பிரைமரும் இரண்டு பூச்சுப் பெயிண்டும் அடியுங்கள். நீங்கள் பயன்படுத்தப்போகும் அதே பெயிண்டாக இருக்க வேண்டும். காய்ந்ததும் இருட்டிய அறையில் ஒரு விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். துளைகள் வரிவரியாகத் தெரிந்தால் அந்த மரத்துக்குப் பட்டி தேவை, அல்லது வேறு மரம் தேவை. விளக்கைச் சுற்றிலும் நகர்த்திய பிறகும் பரப்பு அமைதியாக இருந்தால், வெட்டுப் பட்டியலை எடுங்கள். நீளமான நெடுக்குச் சட்டங்களை முதலில் வெட்டிவிட்டு, மிஞ்சுவதில் குறுக்குச் சட்டங்களை வெட்டுங்கள்.