வீட்டு மின்சாரச் செயலி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சூரிய மின்தகடு, சிக்கன மின்விசிறி, கூரைக்கு வெப்பத்தடுப்பு என்று வீட்டுக்காரர்கள் திட்டமிட உதவும் செயலிகளை இளைஞர்கள் ஆர்வத்தோடு உருவாக்குகிறார்கள். முன்னோட்டம் பார்க்கக் கூப்பிடும்போதெல்லாம் எங்கள் காலத்துத் தவறுகளையே மறுபடி பார்க்கிறேன். பட்டனின் நிறம், எழுத்தின் அளவு பற்றி இங்கே பேசப்போவதில்லை. அவை பழகப் பழகச் சரியாகிவிடும்.

‘மாதக் கட்டணம் எவ்வளவு?’

செயலி கேட்கும் இந்தக் கேள்வியைப் பார்த்தாலே இன்னும் கோபம் வருகிறது. தமிழ்நாட்டில் வீட்டு மின்கணக்கை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கிறார்கள். திருச்சியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஒரு செயலியைச் சோதித்தபோது பக்கத்தில் இருந்தேன். கடைசியாகக் கட்டிய ரசீதை எடுத்துவைத்து, அதிலிருந்த தொகையை அப்படியே உள்ளிட்டார். வேறென்ன செய்வார்? செயலி அதை 600 யூனிட் என்று சரியாகவே மாற்றியது. ஆனால் ஒரே மாதத்துக்கு என்று எடுத்துக்கொண்டு 5 கிலோவாட் சூரிய மின்தகடு போடச் சொன்னது. உண்மையில் அந்த வீட்டின் தேவை நாளுக்கு 10 யூனிட். ஒரு கிலோவாட் தகடு நாளுக்கு ஏறக்குறைய 4 யூனிட் தரும். இரண்டரை கிலோவாட்டே தாராளம். வீட்டுக் கூரையில் மின்தகடு போட ஒன்றிய அரசு உதவும் சூர்ய கர் திட்டத்தில் மானியம் 3 கிலோவாட்டோடு, 78,000 ரூபாயோடு நின்றுவிடும். அதற்கு மேற்பட்ட 2 கிலோவாட்டும் முழுக்கக் கைக்காசு. அவரோ வங்கிக் கடனுக்கு மாதத் தவணை எவ்வளவு வரும் என்று கேட்கவே தொடங்கிவிட்டார்.

தொகையைக் கேட்காதீர்கள், யூனிட்டைக் கேளுங்கள். ஓராண்டின் ஆறு கணக்கீடுகளையும் கேளுங்கள். சித்திரை, வைகாசியில் ஏசி ஓடிய கணக்கு மார்கழிக்குப் பொருந்தாது.

தொகையை யூனிட்டால் வகுத்துச் சராசரி விலை காண்பதும் இதே அளவு கெடுதல். 2022 செப்டம்பர் கட்டணப்படி 600 யூனிட்டுக்கு 2,750 ரூபாய். 500 யூனிட்டுக்கு 1,725. யூனிட் கூடக் கூட விலை படிப்படியாக ஏறும். 500ஐத் தாண்டினால் கீழ்ப்படியில் கிடைத்த சலுகையும் போய்விடுவதால், மேலே உள்ள அந்த 100 யூனிட்டின் விலை 1,025 ரூபாய். சராசரிக் கணக்கு அதை 458 என்றுதான் காட்டும். 75 வாட் மின்விசிறிகள் நான்கைக் கழற்றிவிட்டு 30 வாட் பிஎல்டிசி (குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார்) விசிறிகளை மாட்டினால், நாளுக்குப் பத்து மணி நேர ஓட்டத்தில் இரண்டு மாதத்துக்கு 108 யூனிட் குறையும். 500க்குள் வந்துவிடலாம். ஆசிரியருக்கு முதலில் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான். செயலியில் விசிறி என்ற பேச்சே இல்லை.

அந்தக் கட்டணம் பிறகு உயர்ந்துவிட்டது. ஆகவே கட்டண அட்டவணையை நிரலுக்குள் புதைக்காமல், தேதியோடு தனியே வையுங்கள்.

மொட்டைமாடி

செயற்கைக்கோள் படம் பரப்பைச் சொல்லும். தண்ணீர்த் தொட்டியின் நிழல் எங்கே விழுகிறது, பக்கத்து வீட்டில் அடுத்த மாடி எழும்புகிறதா, வடகம் காயப்போட எந்த மூலை வேண்டும் என்பதையெல்லாம் வீட்டில் இருப்பவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

அடுக்ககம்

மொட்டைமாடி எல்லோருக்கும் பொது. தனி வீடா, அடுக்ககமா என்பதை முதல் கேள்வியிலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

கைப்பேசி எண்

விடையைக் காட்டுவதற்கு முன் கேட்காதீர்கள்.