'ஸீ' போய் 'டூ' வந்த கதை

ஜெர்மனியின் லைப்சிக் நகரில், ஓர் இளைஞர் மையத்தில் எனக்கு ஓராண்டுத் தன்னார்வப் பணி. 2011-இல் கட்டாய ராணுவச் சேவையை நிறுத்தியபோது அந்நாட்டு அரசு தொடங்கிய திட்டம் இது. கைச்செலவுக்குப் பணம் தருவார்கள்.

சிக்கல் முதல் வாரமே வந்தது. சென்னையில் ஜெர்மன் படித்தபோது எல்லோரையும் மரியாதையாக 'ஸீ' (நீங்கள்) என்றே அழைத்துப் பழகியிருந்தேன். பதினான்கு வயதுப் பையனிடம் அப்படிப் பேசியதும் சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டான். நம் ஊர்ப் பொடியனிடம் "தாங்கள் அமருங்கள்" என்றால் எப்படியிருக்கும், அதேதான். மையத்தில் பொறுப்பாளர் உட்பட எல்லோருக்கும் 'டூ' (நீ) தான்.

சொல்லை மட்டும் மாற்றினால் போதாது, வினைமுற்றும் மாறும்: 'ஸீ ஹாபென்' (நீங்கள் வைத்திருக்கிறீர்கள்), 'டூ ஹாஸ்ட்' (நீ வைத்திருக்கிறாய்). தினமும் வேலையில் சொல்கிற இருபது வாக்கியங்களை மட்டும் 'டூ' வடிவில் நோட்டில் எழுதி, இரவில் வாய்விட்டுச் சொன்னேன்.

அப்புறம் 'கிக்கர்' மேசைக்குப் போனேன். கம்பியில் பொம்மை வீரர்களைக் கோத்த மேசைக் கால்பந்து அது. ஆட ஐந்தாறு சொல் போதும். கம்பியைச் சுழற்றி அடிக்கக் கூடாதாம். தெரியாமல் சுழற்றினேன், நாலு பேர் ஒன்றாகக் கத்தினார்கள். அவர்களாகவே என்னிடம் பேசியது அன்றுதான்.

பெயர்ச்சொல்லின் பாலுக்கேற்ப அதன் முன்னால் வரும் டேர், டீ, டாஸ் மட்டும் இன்னும் சொதப்பல். அதைத் திருத்தும் வேலையை அந்தப் பதினான்கு வயதுப் பையனே எடுத்துக்கொண்டான்.